ஐஸ்பெட்டியில் ஒட்டிய கேமரா

இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, என் அண்ணன் மகளின் கல்யாணம் கலும்பாங் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டிவிட்டு வந்தவள் நான்.

போன வாரம் இந்த இடத்தில் என் பத்தி ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதியவர்களுக்கும், "டீச்சருக்கு உடம்பு முடியலையா?" என்று போன் போட்டவர்களுக்கும் பதில் இதுதான். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் ஒரு இடத்தில் நிற்கவில்லை... உட்கார்ந்து எழுத முடியவில்லை.

எல்லாம் ஒரு குட்டி கேமராவால் வந்த வினை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அதன் மேல் பழி போட்டால் அது நியாயம் இல்லை. முழுசாகச் சொல்கிறேன். யார் மேல் பழி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் ஊர் சுற்றி எழுதுவதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு நச்சரிப்பு. "எழுதினது போதும் டீச்சர், வீடியோ போடுங்க." பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவள் நான். வீடியோவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் ஆசை யாரை விட்டது? வாங்கிவிட்டேன். உடம்பில் மாட்டிக்கொள்ளும் கேமரா. கட்டை விரல் அளவுதான். எடை, ஒரு கோழி முட்டையை விடக் குறைவு.

கூடவே காந்தம் வைத்த ஒரு பதக்கம் தருகிறார்கள். பதக்கத்தைச் சட்டைக்குள் தொங்கவிட்டு, கேமராவை வெளியே வைத்தால் துணியைக் கவ்விக்கொண்டு நெஞ்சில் நிற்கும். இரும்பைக் கண்டாலும் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும் - கேட், மோட்டார் சைக்கிள் டேங்க், எதுவானாலும். திரை கிடையாது. ஒரே ஒரு பொத்தான். ஒரு தடவை அமுக்கினால் ஓடும், இன்னொரு தடவை அமுக்கினால் நிற்கும். ஓடுகிறதற்கு அடையாளம், ஊசிமுனை அளவு ஒரு சிவப்பு விளக்கு. அவ்வளவுதான் விஷயம். இந்தப் பொத்தானையும் விளக்கையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கோலா சிலாங்கூரில்தான் வெள்ளோட்டம். மாட்டிக்கொண்டு மீன் பாசாருக்குப் போனேன். வீட்டுக்கு வந்து போனில் போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி மீன்காரர்களின் இடுப்பு. என் உயரம் அவ்வளவுதானே? குன்றேறிக் குரங்குகளை எடுத்தேன். அவை மட்டும்தான் கேமராவை நேராகப் பார்த்தன. மனிதர்கள் யாரும் கவனிக்கவே இல்லை. பேரம் பேசினார்கள், மூக்கைச் சொறிந்தார்கள், பக்கத்துக் கடைக்காரரைத் திட்டினார்கள். அட, எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று எனக்குப் பெருமை. அவர்களுக்குத் தெரியாமல் எடுத்ததால்தான் இயல்பு என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன்.

என் அண்ணன் எட்டு வருஷத்துக்கு முன் தவறிவிட்டார். அவருக்கு ஒரே மகள், தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். இருபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரியில் தாதி. எழுதச் சொன்னது அவள்தான். "பேர மட்டும் மாத்திடுங்க அத்தை" என்றாள், மாற்றிவிட்டேன்.

தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயதில் இரண்டு தடவை வலிப்பு வந்தது. மருந்து சாப்பிட்டாள். பதினேழு வயதில் டாக்டர் மருந்தை நிறுத்தினார். அதற்குப் பிறகு மருந்தும் இல்லை, வலிப்பும் இல்லை. கார் ஓட்டுகிறாள், ஊசி போடுகிறாள், வார்டையே தூக்கி நிறுத்துகிறாள். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் பரிசம் போட்ட இடத்தில் யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து, "எங்ககிட்ட மறைச்சிட்டீங்க" என்று நாங்கள் கொடுத்த சேலையும் தட்டுமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தட்டை அவள் அம்மா, என் அண்ணி, இன்னும் புழங்குவதில்லை.

அதிலிருந்து நாங்கள் என்ன கற்றுக்கொண்டிருக்க வேண்டும்? அடுத்த இடத்தில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று. அண்ணி கற்றுக்கொண்டதோ, அடுத்த இடத்தில் இன்னும் கெட்டியாக மறைக்க வேண்டும் என்று. "மொதல்ல எல்லாம் கூடி வரட்டும் மல்லி. அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நன்னெறி சொல்லிக் கொடுத்த தலை.

மாப்பிள்ளை சரவணன், செம்பனை எண்ணெய் ஆலையில் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அப்பா தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் ஏற்கெனவே வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது எங்கள் முறை, வீடு பார்க்க. பெண்ணும் கூட வருவதா என்று அண்ணி முனகினார். "நான் வாழப் போற வீடு, நான் பாக்க வேணாமா?" என்று தர்ஷினி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மூன்று பெண்களும் கிளம்பினோம். ஓட்டியவள் அவள். நெஞ்சில் கேமராவோடு பக்கத்தில் நான்.

பெஸ்தாரி ஜெயா தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. வளைவுகளில் வெயில் விட்டு விட்டு விழுந்தது. வீடியோவுக்கு அருமையான பாதை. கெர்லிங் வந்ததும் அண்ணி பின்சீட்டிலிருந்து, "அத நிப்பாட்டிடு மல்லி, வீடு நெருங்கிருச்சு" என்றார். நிறுத்தினேன். சத்தியமாக நிறுத்தினேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மறுபடியும், "அந்தக் கருமத்த கழட்டு. கேமரா மாட்டிக்கிட்டு வந்திருக்காங்கன்னு பேராகப் போவுது." பழக்கூடையைச் சமையலறையில் வைக்கப் போன இடத்தில், கேமராவைக் கழற்றினேன். அணைந்திருக்கிறதா என்று சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு அமுக்கு அமுக்கினேன். கண்ணாடி கைப்பையில், சிவப்பு விளக்கு எங்கே தெரிகிறது? பக்கத்திலிருந்த ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன். கைப்பிடியில் தொங்கிய கைத்துணியின் ஓரம் அதன் மேல் விழுந்தது. போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

புரிகிறதா? தூங்கிக்கொண்டிருந்ததை நானே தட்டி எழுப்பிவிட்டு, மேலே துணியையும் போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறேன்.

நடு வீட்டில் உட்கார்ந்தோம். காப்பி, முறுக்கு, கேசரி. சரவணனின் அம்மா, நிதானமான மனுஷி. பேசும்போது நம் முகத்தையே பார்ப்பார். என் பத்தியை வாரா வாரம் படிப்பதாகச் சொன்னார். சரவணனின் அண்ணி, அவள் ஐந்து வயது மகள் கீர்த்தி, மண்டோர் ஐயா... எல்லோரும் இருந்தார்கள். சரவணன் அம்மா வழக்கமாகக் கேட்கும் நாலைந்து கேள்விகள் கேட்டார். நானும் வழக்கமாகச் சொல்லும் பதில்களைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது பின்னால் வரும்.

"சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

"இருக்கட்டும்மா. எல்லாம் முடிவாகட்டும், அப்புறம் வந்து கை நனைக்கிறோம்" என்றார் அண்ணி. பேச்சு உறுதியாகும்வரை சம்பந்தம் பேசும் வீட்டில் காப்பி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம், சோற்றில் கை வைக்கக் கூடாது. அதுதானே முறை? அவரும் வற்புறுத்தவில்லை. "ஒரு வாரத்துல சொல்லி விடுறோம்" என்று வழியனுப்பினார்கள். ஆலையில் அன்றைக்கு வேலை என்பதால் சரவணன் மோட்டார் சைக்கிளில் பெரிய சாலைவரை முன்னால் வந்து வழிகாட்டிவிட்டு அப்படியே போய்விட்டார்.

கோலா குபு பாருவில் தே தாரிக் குடிக்க நிறுத்தினோம். குவளையைப் படம் எடுக்கலாம் என்று நெஞ்சைத் தொட்டேன். பதக்கம் மட்டும் இருந்தது.

கேமரா அந்த வீட்டு ஐஸ்பெட்டியிலேயே நின்றுவிட்டது. அண்ணியிடம் சொல்வதா, வேண்டாமா? சொல்லாமல் எப்படித் திரும்பிப் போவது? சொன்னேன். அண்ணி குவளையை மேசையில் வைத்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரவணன் அம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, ஒரு சின்ன சாமான மறந்து வச்சிட்டு..."

"ஆமா. ஐஸ்பெட்டியில ஒட்டிக்கிட்டு இருக்கு. வந்து எடுத்துக்குங்க."

அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்கு முன் "பாத்துப் போய்ட்டு வாங்கம்மா" என்று கையைப் பிடித்துச் சொன்ன அதே வாய். இப்போது குரலில் ஒரு ஈரமும் இல்லை.

திரும்பிப் போனோம். அவர் கேட்டிலேயே நின்றிருந்தார். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் கேமரா. பையின் நுனியை மட்டும் பிடித்து நீட்டினார். "உள்ள வாங்க" என்ற வார்த்தை வரவில்லை. நான் ஏதோ மன்னிப்பு மாதிரி முணுமுணுத்தேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கேமராவை அமுக்கிப் பார்த்தேன். பேட்டரி செத்துக் கிடந்தது. அணைத்து வைத்த கேமராவுக்கு ஏன் பேட்டரி தீர வேண்டும்? அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது ஓடியிருக்கிறது. நாங்கள் பேசியதும், நாங்கள் கிளம்பிய பிறகு அவர்கள் பேசியதும்... எல்லாம் என் உள்ளங்கையில்.

வண்டியில் சொன்னேன். அண்ணி சட்டென்று முன்னால் குனிந்தார். "அப்ப அவங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு கேக்கலாமா?"

"வேணாம்" என்றாள் தர்ஷினி, சாலையைப் பார்த்தபடி. "டிலீட் பண்ணுங்க அத்தை. அது நமக்குச் சொன்னது இல்ல." அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவள் பேசவில்லை. என் மேல் கோபம் கேமராவுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

அழிக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். அழித்தேனா? உங்களிடம் என்ன மறைப்பது... இல்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் ஷிஃப்டுக்குப் போனாள். எட்டு மணிக்கு அண்ணியும் நானும் சமையலறையில் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கேட்காமல் இருக்க முடியுமா? முன்பு ஒரு தடவை முறிந்தது. ஊர் வாய் மெல்லத்தான் அடங்கியது. இன்னொரு தடவை முறிந்தால் அந்தப் பெண்ணை எப்படிப் பார்ப்பது? இந்தச் சமாதானத்தை நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். இரண்டு பேருக்குமே தேவைப்பட்டது.

லென்ஸ் மேல் துணி. படம் வெறும் இருட்டு, குரல்கள் மட்டும். முதலில் எங்கள் குரல்கள்தான். என் குரல்தான் அதிகம். எங்கள் பெண் நன்றாகச் சமைப்பாள் என்றேன் (சமைக்க மாட்டாள்). காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுவாள் என்றேன் (ஷிஃப்ட் இருந்தால்). கேட்கக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

பிறகு சரவணன் அம்மாவின் குரல். மெதுவாக. "பொண்ணுக்கு ஒடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்லையே?"

ஒரு நொடி இடைவெளி. உடனே நான்:

"நல்லாக் கேட்டீங்க போங்க. ஒரு தலைவலிகூட வந்ததில்ல."

சொன்னதே எனக்கு நினைவில்லை. அவ்வளவு சுலபமாக வந்திருக்கிறது. ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு இருமல் இல்லை. அடுத்தவர் வீட்டு ரகசியத்தைக் கேட்க உட்கார்ந்தவள் முதலில் கேட்டது என் பொய்யை. அண்ணி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. ஓடட்டும் என்று விட்டோம்.

விடைபெறும் சத்தம். கேட் மூடும் சத்தம். எங்கள் கார் கிளம்பும் சத்தம். அண்ணி போனின் மேல் குனிந்தார்.

பிறகு... ஒன்றுமில்லை.

நான் மிகைப்படுத்தவில்லை. கோப்பைகள் எடுக்கும் சத்தம். குழாய்த் தண்ணீர். காற்றாடி. நாற்காலி இழுபடும் சத்தம். ஒரு இருமல். நாலு பேர் இருக்கும் வீடு. பெண் வீட்டார் இப்போதுதான் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்த வீட்டில் பேசாமல் இருப்பார்கள்? மூக்கு எப்படி, முடி எப்படி, கட்டியிருந்த சேலை எப்படி, கூட வந்த டீச்சர் என்ன இப்படி வாயடிக்கிறாள் - எதையாவது சொல்ல மாட்டார்களா? பத்து நிமிடம். இருபது நிமிடம். ஒரு வார்த்தை இல்லை.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். கீர்த்தியின் குரல்: "அம்மா, அந்த அக்காவுக்கு..."

"ஷ்ஷ்."

மறுபடியும் காற்றாடி. அப்படியே பதிவு முடிந்தது.

"அந்த அக்காவுக்கு... என்ன?" அண்ணியின் முகம் வெளுத்திருந்தது. "அந்த அக்காவுக்கு வலிப்புன்னு கொழந்தைக்கே தெரிஞ்சிருக்கு. நம்ம போறதுக்கு முன்னாடியே எவனோ சொல்லிட்டான். அதான் எழவு வீடு மாதிரி ஒக்காந்திருக்காங்க."

திரும்பவும் போட்டுக் கேட்டோம். மூன்றாவது தடவையும் கேட்டோம். ஒருவர் திட்டினால்கூட என்ன நினைக்கிறார் என்று தெரிந்துவிடும். அந்த நிசப்தத்தில் நாங்கள் என்ன பயந்தோமோ அதெல்லாம் கேட்டது. மத்தியானத்துக்குள் அண்ணி முடிவுக்கு வந்துவிட்டார். "அவங்க வேணாம்னு சொல்றதுக்குள்ள நாம முந்திக்குவோம். ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிடலாம். எம்பொண்ண இன்னொரு தடவ யாரும் வேணாம்னு சொல்லக் கூடாது." போனைக் கையில் எடுத்துவிட்டார். நான் தடுக்கவில்லை. தடுக்க என்னிடம் என்ன காரணம் இருந்தது?

எண்ணை அழுத்தும்போது ஷிஃப்ட் முடிந்து தர்ஷினி உள்ளே வந்தாள். சீருடைகூட மாற்றவில்லை. அம்மாவின் கையில் போன், மேசையில் என் போன், அதில் அந்தக் கறுப்புப் படம். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"டிலீட் பண்றேன்னு சொன்னீங்களே அத்தை."

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அண்ணிதான் படபடவென்று சொன்னார். யாரோ சொல்லிவிட்டார்கள், அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, நாமே முந்திக்கொள்வோம்.

"யாரும் போயி சொல்லல. நான்தான் சொன்னேன்." தர்ஷினி நாற்காலியில் உட்கார்ந்தாள். "போன மாசமே சரவணன்கிட்ட சொல்லிட்டேன். மருத்துவ ரிப்போர்ட்ட அனுப்பினேன். அவரு வீட்ல எல்லார்கிட்டயும் காட்டிட்டாரு. பரவால்லன்னுதான் நம்மள வரச் சொன்னாங்க. தெரிஞ்சுதான் அத்தை அவங்க கேட்டாங்க. நீங்க சொல்றீங்களான்னு பாக்கத்தான் கேட்டாங்க."

அடுப்பில் எதுவோ கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் எழுந்து போய் அணைக்கவில்லை.

"ஒரு தலைவலிகூட வந்ததில்லன்னீங்க. அத்தன பேரு முன்னாடி உங்கள எப்படி மறுக்கறது?" என்றாள். "நேத்துலேருந்து அவரு எம் மெசேஜுக்கு பதில் போடல. அவங்க வீட்ல இப்ப யாரத்தான் நம்புவாங்க?" எழுந்து அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். சத்தமே இல்லாமல் சாத்தினாள்.

வெட்கம் என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தில் விளக்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதன் பொருள் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கலும்பாங்குக்குக் கிளம்பினேன். தனியாக, காடியை நானே ஓட்டிக்கொண்டு. அண்ணி வரவில்லை. "நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்?" என்றார். எனக்கு மட்டும் வேறு மூஞ்சி இருக்கிறதா? கேமரா வீட்டில். வழி நெடுக என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். கோலா குபு பாரு வரும்வரை நாலு விதமாகப் பேசிப் பார்த்துவிட்டேன். நாலுமே என்னை நல்லவளாகக் காட்டிய பேச்சு. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

சரவணன் அம்மா வாசல் கூரைக்கு அடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்தார். எழுந்திருக்கவில்லை.

"வாங்க டீச்சர். இன்னிக்கும் காமிராவா?"

"கொண்டாரலம்மா. போனையும் காடியிலயே வச்சிட்டேன்."

பக்கத்து முக்காலியைக் காலால் நகர்த்தினார். உட்கார்ந்தேன். பொத்தான் கதையைச் சொன்னேன். அணைக்கிறேன் என்று எழுப்பியதை, துணி தானாக விழுந்ததை. சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. என்னிடம் ஒரு மாணவி இப்படிச் சொல்லியிருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பேன்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"சரி, தெரியாம ஓடிருச்சு. கேட்டீங்களா?"

இதுதான் கேள்வி. இதற்கு என்னிடம் அழகான பதில் ஒன்று இருந்தது. பேட்டரி தீர்ந்து ஒன்றும் பதிவாகவில்லை என்று சொல்லிவிடலாம். அவர் நம்பியும் இருப்பார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதே சுலபம், அதே வேகம்.

"கேட்டேன்" என்றேன்.

"முழுசாவா?"

"முழுசா. மூணு தடவ."

அவர் ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்தார், உரிக்கவில்லை. "எங்க பேச்சு ஏதாச்சும் இருந்துச்சா?"

"உங்க பேச்சு ஒரு வார்த்த இல்லம்மா. எம்பேச்சுதான் இருந்துச்சு. தலைவலிகூட வந்ததில்லன்னு நான் சொன்ன பொய்யி. அதக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். புள்ள ஒரு தப்பும் பண்ணல. அவ எப்பவோ உண்மைய சொல்லிட்டா. பொய் சொன்னது நான். என்னைய என்ன வேணா சொல்லுங்க, அவள ஒதுக்கிடாதீங்க."

அழக் கூடாது என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அழுதுவிட்டேன். வெங்காயம் காரணம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

அவர் கையிலிருந்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தார். "கோப்பய எடுக்க உள்ள போனேன். துணிக்குள்ள செகப்பா மினுக்குச்சு. காமிராவ ஒளிச்சு வச்சிட்டுப் போயிருக்காங்கடான்னு நெனச்சேன். தொடவும் பயம். நிப்பாட்டினா நிப்பாட்டினது உங்களுக்குத் தெரிஞ்சிரும்ல? எல்லாருக்கும் சைகை காட்டிட்டேன். எங்க வீட்ல நாங்க பேசறதுக்கு, வீட்டுக்குப் பின்னால இருக்கிற செம்பனை மரத்தடிக்குப் போயி நின்னுல்ல டீச்சர் பேசினோம்."

அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஓய்வு பெற்ற மண்டோர், மனைவி, மருமகள் - தங்கள் வீட்டிலிருந்து தாங்களே வெளியேறி, மரத்தடியில் நின்று குசுகுசுவென்று பேசுகிறார்கள். என் நெஞ்சில் எடை தெரியாத ஒரு சாமான், அவர்கள் வீட்டில் அவர்களை உட்கார விடவில்லை.

"காமிராகூட இருக்கட்டும்" என்றார். "சரவணன் ஒண்ணு சொல்றான், டீச்சர் ஒண்ணு சொல்றாங்க. இவரு சொல்றாரு, டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்கன்னு. அப்ப யாரு பொய்யி? எம்புள்ளயா? அந்தப் பொண்ணா? ரெண்டு நாளா இந்த வீட்ல யாரும் சரியா சாப்பிடல."

என் ஒரு வரிப் பொய், அந்தப் பெண் தைரியமாகச் சொன்ன உண்மையைப் பொய்யாக்கியிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க காமிராவ ஒட்டினீங்களே, அதுக்கு மேல ஐஸ்பெட்டி தலையில ஒரு தட்டு இருக்கும், பாத்தீங்களா? இவரு சக்கர மாத்திரை, எம் பிரஷர் மாத்திரை, பெரிய மவனோட ஆஸ்துமா மருந்து. நீங்க வர்றீங்கன்னு வீட்டையே கழுவினோம். அந்தத் தட்ட மட்டும் நாங்க எடுத்து ஒளிச்சு வைக்கல."

உள்ளேயிருந்து ஓடி வந்த கால்களின் சத்தம். கீர்த்தி. என்னைப் பார்த்ததும், பின்னால் வந்த தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு முடிக்காததை முடித்தாள். "அம்மா, அந்த அக்காவுக்கு ரம்புத்தான் எடுத்து வச்சேனே, அத இந்த டீச்சர்கிட்ட குடுத்து விடவா?" போய் எடுத்தும் வந்தாள். ஐந்து பழங்கள். இரண்டு நாளில் முள்ளெல்லாம் கறுத்துப் போயிருந்தன. இதற்காகவா அண்ணி முகம் வெளுத்தார்? கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

சரவணன் அம்மா வெங்காயத் தட்டோடு எழுந்தார். நானும் எழுந்தேன். போகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். காடிச் சாவியைக்கூட எடுத்துவிட்டேன்.

"எங்க கெளம்புறீங்க?" என்றார். "கையக் கழுவிட்டு வாங்க. சோறு ஆயிருச்சு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது: கை நனைக்கச் சொல்கிறார். அவர் அதற்குள் திரும்பி உள்ளே போய்விட்டார். கதவு திறந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை என்பதால் சைவம். சாம்பார், முட்டைக்கோஸ் பிரட்டல், அப்பளம், ரசம். மண்டோர் ஐயா எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் சொன்ன ஒரே வார்த்தை, "சாப்பிடுங்கம்மா." ஐஸ்பெட்டி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கும் தைரியம் வரவில்லை. கோலா சிலாங்கூரில் ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சீக்கிரம் போய்ச் சொல்ல வேண்டும் என்ற தவிப்பில் முதல் கவளம் விக்கியது. சரவணன் அம்மா தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

"மெதுவா சாப்பிடுங்க சம்பந்தி" என்றார். "எப்படி இருக்கு?"

என்ன கேட்டாலும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிப் பழகிய வாய் இது. திறந்தேன்.

"சாம்பார் பிரமாதம். ரசத்துல உப்பு கூட" என்றேன்.